எந்தச் செவியின் கணக்கு?

அன்புத் தம்பிக்கு,

இசை கேட்பவரின் மனத்தில் நடப்பதை நிகழ்தகவைக் கொண்டு ஆராயப் போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் மனம் நிறைந்தது. புரோகிராம் எழுத உட்காருவதற்கு முன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்: உன் மாடல் யாருடைய செவி?

மோகனம், ஹம்சத்வனி என்ற இரு ராகங்களை எடுத்துக்கொள். ஏறும்போது ச ரி க ப வரை இரண்டும் ஒன்றே. அதன் பிறகு மோகனத்துக்குத் த, ஹம்சத்வனிக்கு நி. இவ்விரண்டை மட்டுமே அறிந்த ஒருவர், மோகனத்தை இரண்டு மடங்கு அதிகமாகக் கேட்டு வளர்ந்திருக்கிறார் என்று வைப்போம். ச ரி க ப பாடி முடித்தாலும் அவர் மனத்தில் மோகனத்துக்கு 2, ஹம்சத்வனிக்கு 1 என்ற கணக்கு அசையாது; அந்த நான்கு ஸ்வரமும் இரண்டுக்கும் ஒரே அளவில் பொருந்துகின்றன. நி விழுந்ததும் மோகனம் கழன்றுவிடும். முன்பே இருந்த எதிர்பார்ப்பைக் காதில் விழுந்தது பொருந்தும் அளவால் பெருக்குவது, பேய்ஸ் தேற்றம் சொல்வது இதைத்தான். சங்கராபரணமும் தெரிந்தவரோ நி வந்த பிறகும் ம வருகிறதா என்று காத்திருப்பார். அதே பாட்டு, அதே நொடி, வேறு கணக்கு.

டேவிட் டெம்பர்லி 2007-ல் வெளியிட்ட நூலை நிதானமாகப் படி. அடுத்த ஸ்வரம் முந்தையதற்குப் பக்கத்தில் வரும் வாய்ப்பு, மெட்டின் நடுப்பகுதியை விட்டு விலகாத வாய்ப்பு, அந்த மெட்டின் ‘கீ’க்கு இசையும் வாய்ப்பு, இம்மூன்றையும் பெருக்கியே ஒரு மெட்டை அளந்துவிடுகிறார். எனக்கு மிகவும் பிடித்த எளிமை அது. ஆனால் எண்களை அவர் எடுத்தது எஸ்ஸென் தொகுப்பின் ஐரோப்பிய நாட்டுப்பாடல்களிலிருந்து. வழியை எடுத்துக்கொள், எண்களை எடுத்துக்கொள்ளாதே.

காஸ்டலானோ, பருச்சா, க்ரும்ஹான்ஸல் மூவரும் 1984-ல் வெளியிட்ட ஆய்வு, கேட்டு வளர்ந்த இசைக்கு ஏற்பச் செவியின் கணக்கு மாறும் என்பதற்குச் சான்று. இந்துஸ்தானி ராகங்களை இந்தியர்களும் மேலைநாட்டவரும் கேட்டார்கள். எந்த ஸ்வரம் அதிக நேரம் ஒலித்ததோ அதற்கு இரு தரப்பும் முக்கியத்துவம் தந்தன. ராகத்தின் அடியில் இருக்கும் ஸ்வரத் தொகுப்பான தாட்டை உணர்ந்தவர்கள் இந்தியர்கள் மட்டுமே. ஆகவே செவியில் இரண்டு கணக்குகள் ஓடுகின்றன: இப்போது கேட்பதிலிருந்து வருவது ஒன்று, வாழ்நாள் முழுதும் கேட்டதிலிருந்து வருவது இன்னொன்று. இரண்டையும் உன் மாடலில் தனித்தனியாக வை.

அடுத்தது, எதை எண்ணுவது என்பது. இங்கேதான் கர்நாடக இசை உன்னைச் சோதிக்கும். ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஆரோகண அவரோகணம் ஒன்றே. ஸ்வரங்களை மட்டும் எண்ணும் மாடலுக்கு இரண்டையும் பிரிக்கப் பெரிய பிடி எதுவும் கிடைக்காது. கச்சேரிக்கு வரும் ரசிகரோ பாடகர் ரிஷபத்தில் நின்று அசைக்கும் விதத்திலேயே தேவகாந்தாரி என்று சொல்லிவிடுவார். ஆரபி வேகமாக, அசைவு குறைந்து, நேராகப் போகும். கமகம் எனும் இந்த அசைவைத் தாளில் ஒற்றை எழுத்தாக்கி, அந்த எழுத்தை எண்ணி, செவியை அளந்துவிட்டதாக நினைக்காதே. ராகத்துக்கே உரிய பிடிகளை, சஞ்சாரங்களை, ஒரு ஸ்வரத்தை அடைந்த வழியை அலகாக வைத்துப் பார். டேட்டா குறையும், வேலை கூடும். இருந்தாலும் செய்.

மாடல் தயாரானதும் ஆலாபனையை நடுவில் நிறுத்தி, என்ன ராகம், எவ்வளவு நிச்சயம் என்று ஆட்களைக் கேள். சபாவில் பழகியவர்களிடமும் கேள். சினிமாப் பாட்டு மட்டும் கேட்பவர்களிடமும் கேள். மாடலும் மனிதரும் ஒத்துப்போன இடங்களை ஒரு வரியில் எழுதினால் போதும். ஒத்துப்போகாத இடங்களை ஒவ்வொன்றாக, பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதி எனக்கு அனுப்பு. நாம் உட்கார்ந்து பேச வேண்டியது அவற்றைப் பற்றித்தான்.

அன்புடன்,
உன் அண்ணன்