பெயர் ஒன்று, பதிப்பு பல

'அம்பாங்' என்னும் பெயர், அணையைக் குறிக்கும் 'எம்பாஙான்' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து தோன்றியது என்பர். 1857-ஆம் ஆண்டில் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள், கிள்ளான் ஆற்றின் வழியே வந்து இப்பகுதியில் ஈயம் தோண்டத் தொடங்கினர். இன்று அம்பாங்கில் அந்த ஈயச் சுரங்கங்கள் இல்லை. ஆனால், அங்குள்ள அடுக்குமாடி வீடுகளில் பள்ளி முடிந்து திரும்பும் பிள்ளைகள் பலர் திரையில் சுரங்கம் தோண்டுகிறார்கள். கல்லையும் மண்ணையும் கட்டிகளாக வெட்டியெடுத்து, அவற்றைக் கொண்டு வீடு, பாலம், கோட்டை எனத் தாங்கள் விரும்பியதைக் கட்டுகிறார்கள். அந்த விளையாட்டின் பெயர் மைன்கிராப்ட். 2023-ஆம் ஆண்டிற்குள் உலக அளவில் அது 300 மில்லியனுக்கும் மேல் விற்பனையானது.

அம்பாங்கில் வாழும் இரண்டாம் படிவ மாணவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். கிள்ளானில் வசிக்கும் அவனுடைய பெரியப்பா மகன் மடிக்கணினியில் இவ்விளையாட்டை ஓராண்டாக விளையாடி வருகிறான். கிள்ளானின் கோத்தா பாலத்தைப் போல் இரட்டைத் தட்டுப் பாலம் ஒன்றையும் அதில் கட்டியிருக்கிறான். அண்ணனோடு சேர்ந்து அந்த உலகத்தில் கட்ட வேண்டும் என்பதே தம்பியின் ஆசை. தீபாவளிக்குக் கிடைத்த அங்பாவ் பணத்தைச் சேர்த்து வைத்து, அப்பாவின் அனுமதியோடு தன் திறன்பேசியில் விளையாட்டை வாங்கினான். அன்று மாலையே அண்ணனை அழைத்தான். இருவரும் அரைமணி நேரம் முயன்றார்கள். தம்பியால் அண்ணனின் உலகத்திற்குள் நுழையவே முடியவில்லை.

"தம்பி, நீ வாங்கியது எந்தப் பதிப்பு?" என்று அண்ணன் கேட்டான்.

"மைன்கிராப்ட்தான் அண்ணா. அதில் பதிப்பு வேறு இருக்கிறதா?" என்றான் தம்பி.

பலரும் தடுமாறும் இடம் இதுதான். இதற்கான காரணம் அவ்விளையாட்டின் வரலாற்றில் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு மே மாதம், சுவீடனைச் சேர்ந்த மார்க்கஸ் பெர்சன் இதன் தொடக்க வடிவத்தைக் கணினிக்காக வெளியிட்டார். ஜாவா என்னும் நிரல்மொழியில் அதனை எழுதியிருந்தார். 2011-ஆம் ஆண்டில் கைப்பேசிக்கான பதிப்பு வந்தது. அது சி பிளஸ் பிளஸ் என்னும் வேறொரு நிரல்மொழியில் புதிதாக எழுதப்பட்டது. 2014-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம், விளையாட்டை உருவாக்கிய மொஜாங் நிறுவனத்தை 2.5 பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2017-ஆம் ஆண்டில் கைப்பேசி, வின்டோஸ் 10, எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றுக்கான வடிவங்கள் ஒன்றிணைக்கப்பட்டு, 'மைன்கிராப்ட்' என்ற பொதுப்பெயரைப் பெற்றன. அதனையே பெட்ராக் பதிப்பு என்கிறோம். பழைய கணினி வடிவம் ஜாவா பதிப்பு ஆயிற்று. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், அவற்றின் அடித்தளம் வேறு. ஆகவே, ஒரு பதிப்பில் விளையாடுபவர் மற்றொரு பதிப்பில் விளையாடுபவரோடு நேரடியாகச் சேர முடிவதில்லை.

ஜாவா பதிப்பு வின்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய இயங்குதளங்கள் கொண்ட கணினிகளில் மட்டுமே இயங்கும். ஆர்வலர்கள் எழுதிய கூடுதல் நிரல்கள் பலவற்றை இலவசமாகச் சேர்த்துக்கொள்ள இதில் வாய்ப்பு அதிகம். விளையாட்டின் உள்ளே எப்படி இயங்குகிறது என்று ஆராய விரும்பும் மாணவருக்கு இது நல்ல களம். ஆயினும், பழைய மடிக்கணினியில் இது மெதுவாக இயங்கக்கூடும்.

பெட்ராக் பதிப்பைத் திறன்பேசி, தட்டைக்கணினி, வின்டோஸ் கணினி, எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன், நிண்டெண்டோ சுவிட்ச் ஆகியவற்றில் விளையாடலாம். வெவ்வேறு கருவிகளை வைத்திருப்பவர்களும் இதில் ஒன்றாகச் சேரலாம். திறன்பேசிக்கான விலை கணினிக்கான விலையைவிடக் குறைவு. ஆனால், விளையாட்டுக்குள்ளேயே ஒரு கடை உண்டு. புதிய உடை, புதிய உலகம் போன்றவை அங்கு 'மைன்காயின்' என்னும் நாணயத்துக்கு விற்கப்படுகின்றன. அந்த நாணயத்தை உண்மைப் பணம் கொடுத்தே வாங்க வேண்டும். சிறுகச் சிறுகச் செலவழித்தால், மலிவாக வாங்கிய விளையாட்டே விலை உயர்ந்ததாகிவிடும். மேலும், ஒரு வகைக் கருவிக்காக வாங்கியது மற்றொரு வகைக் கருவிக்குச் செல்லாமல் போகலாம். எடுத்துக்காட்டாக, ஆண்ட்ராய்டு திறன்பேசியில் வாங்கிவிட்டு ஐபோனுக்கு மாறினால் மீண்டும் பணம் செலுத்த வேண்டும்.

இவையன்றிக் கல்விப் பதிப்பு ஒன்றும் 2016-ஆம் ஆண்டு முதல் உள்ளது. அது வகுப்பறைக்கென உருவாக்கப்பட்டது. நிரலாக்கம், வேதியியல் போன்ற பாடங்களை அதில் செய்து பார்த்துக் கற்கலாம். அதனை முழுமையாகப் பயன்படுத்த, உரிமம் பெற்ற கணக்கு தேவை. எனவே, அதைப் பற்றிப் பள்ளி ஆசிரியரிடம் கேட்பதே முறை.

அம்பாங் மாணவனின் சிக்கலுக்கும் ஒரு வழி இருந்தது. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் வின்டோஸ் கணினிக்கு ஜாவா, பெட்ராக் இரண்டும் ஒரே தொகுப்பாக விற்கப்படுகின்றன. அண்ணன் வாங்கியது அந்தத் தொகுப்புதான். அவனுடைய மடிக்கணினியில் பெட்ராக் பதிப்பு இத்தனை நாளும் திறக்கப்படாமலே இருந்தது. இருவரும் அதில் சேர்ந்து விளையாடலாம். ஆனால், ஜாவாவில் கட்டிய உலகத்தைப் பெட்ராக்கில் அப்படியே திறக்க இயலாது. ஓராண்டு உழைத்துக் கட்டிய பாலம் அண்ணனோடு தானாக வந்துவிடாது.

அண்ணன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பாலம் அங்கேயே இருக்கட்டும் தம்பி. நாம் இருவரும் புதிதாகத் தொடங்குவோம்," என்றான். இருவருடைய பெற்றோரும் கணக்கு அமைப்புகளைச் சரிபார்த்து, அறிமுகமில்லாதவர்கள் நுழைய முடியாதபடி செய்து கொடுத்தார்கள். புதிய உலகத்தில் ஓர் ஆறு ஓடியது. தம்பி அதன் குறுக்கே முதலில் ஓர் அணையைக் கட்டத் தொடங்கினான்.

இம்முறை வழி கிடைத்தது. அண்ணனிடம் ஜாவா பதிப்பு மட்டுமே இருந்திருந்தால், தம்பியின் சேமிப்பு பயனில்லாமல் போயிருக்கும். எந்தப் பதிப்பு சிறந்தது என்ற கேள்விக்கு எல்லாருக்கும் பொருந்தும் விடை இல்லை. யாரோடு விளையாடப் போகிறோம், எந்தக் கருவி கையில் இருக்கிறது, வாங்கிய பின் வேறு செலவு வருமா என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே பணத்தை எடுக்க வேண்டும். 'ஆழமறியாமல் காலை விடாதே' என்று நம் முன்னோர் சொன்னது ஆற்றுக்கு மட்டுமன்று. இணையக் கடைக்கும் பொருந்தும்.

கருத்துணர் கேள்விகள்

1. தம்பியால் அண்ணனின் உலகத்திற்குள் நுழைய முடியாததன் காரணம் என்ன?
2. ஜாவா பதிப்புக்கும் பெட்ராக் பதிப்புக்கும் இடையே உள்ள வேறுபாடுகளில் மூன்றனைக் குறிப்பிடுக.
3. அண்ணன் எடுத்த முடிவு அவனுடைய எப்பண்பைக் காட்டுகிறது? விளக்குக.
4. ஒரு பொருளை இணையத்தில் வாங்குமுன் நீ அறிந்துகொள்ள வேண்டியவற்றைப் பட்டியலிடுக.