மனநோய்: பரம்பரையா? கவலையா? மூளையா?

சரீரத்தில் நோய் கண்டால் நாம் அதை மறைப்பதில்லை. இனிப்புநீர் என்றும் இரத்தக் கொதிப்பு என்றும் காப்பிக் கடையில் உட்கார்ந்தே பேசிக்கொள்கிறோம். மனத்தில் நோய் கண்டால் மட்டும் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். "தஞ்சோங் ரம்புத்தான்" என்னும் ஊர்ப் பெயரையே ஓர் ஏச்சுச் சொல்லாக்கிவிட்டோம். 1911-ஆம் ஆண்டு முதல் அங்கே இருப்பது நோயாளிகளைப் பராமரிக்கும் ஆஸ்பத்திரி என்பதை மறந்துவிட்டோம்.

இந்நோய் யாரோ சிலருக்கு மட்டும் உரியதன்று. மலேசியாவில் 2023-ஆம் ஆண்டு எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், 16 வயதும் அதற்கு மேற்பட்டும் உள்ளவர்களில் நூற்றுக்கு 4.6 பேருக்கு மனச்சோர்வு இருந்தது. சிங்கப்பூரில் 2016-ஆம் ஆண்டு ஆய்வின்படி, ஏழு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் ஏதேனும் ஒரு மனநோய்க்கு ஆளாகியிருந்தார்.

இது ஏன் வருகிறது? ஒரு சாரார் "பரம்பரைக் கோளாறு" என்பர். மற்றொரு சாரார் "யோசித்து யோசித்துக் கெட்டான்" என்பர். வேறு சிலர் "ஜின் சேட்டை" என்று ஓதிப் பார்க்க அழைத்துச் செல்வர். நாம் வைத்தியர் அல்லோம். கடை வைத்துப் பிழைக்கிறோம். ஆயினும் வைத்திய ஆராய்ச்சி கூறுவதைச் சகோதர சகோதரிகளுக்கு விளங்கும் வண்ணம் எழுத முற்படுகிறோம்.

1. பரம்பரை

தாய் தந்தையரிடமிருந்து நாம் பெறும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000. இவற்றுள் "மனநோய் மரபணு" என்று ஒன்று தனியாக இல்லை. மரபணுத் தொகுதியில் நூற்றுக்கணக்கான இடங்களில் உள்ள சிறுசிறு வேறுபாடுகள் கூடித்தான் ஒருவரை நோய்க்கு எளிதில் இலக்காக்குகின்றன.

மனச்சிதைவு என்னும் கடும் நோயை எடுத்துக்கொள்வோம். பரம்பரையின் பங்கு அதில் மிகுதி. பொதுமக்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் வரும் அந்நோய், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் வருகிறது. இந்தப் பத்தை மட்டும் பார்த்துப் பெண் கொடுக்க மறுக்கிறவர்கள், நோய் வராத தொண்ணூறு பேரை எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்க்கு மரபணுக்கள் ஒன்றே. அவ்விருவரில் ஒருவருக்கு இந்நோய் கண்டால், மற்றவருக்கும் வருவது பாதிக்கும் குறைவான ஜோடிகளில்தான். எனவே பரம்பரை மட்டும் விதியைத் தீர்மானிப்பதில்லை.

2. மனநெருக்கடியும் மூளையும்

மூளையின் உள்ளே வாதுமைக் கொட்டை வடிவில் ஒரு பகுதி உண்டு. ஆபத்தைக் கண்டு எச்சரிப்பது அதன் வேலை. அந்த எச்சரிக்கை மூளையின் அடிப்புறத்திலுள்ள சுரப்பிக்குப் போய், அங்கிருந்து சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகளை எட்டுகிறது. அவை கார்ட்டிசால் என்னும் நீரைச் சுரக்கின்றன. இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. தேகம் ஆபத்தைச் சமாளிக்கத் தயாராகிறது. ஆபத்து நீங்கியதும் எல்லாம் அடங்கிவிட வேண்டும்.

கடையில் தீப்பிடித்தால் மணியடிப்பது அவசியம். தீ அணைந்த பின்னும் மணி ஓயாமல் அடித்தால் வியாபாரம் நடக்குமா? தீராக் கடன், குடும்பச் சண்டை, வேலை இழப்பு, சிறு வயதில் பட்ட அடி உதை ஆகியவை அந்த மணியை ஓயவிடுவதில்லை. கடல்குதிரை வடிவில் உள்ள மற்றொரு மூளைப் பகுதி, நினைவைக் காப்பதோடு இம்மணியை அடக்கவும் உதவுகிறது. நெடுநாள் கார்ட்டிசால் மிகுந்தால் அப்பகுதியே நலிவடைகிறது. அடக்குவது நலிந்தால் மணி இன்னும் அடிக்கிறது. தூக்கம் கெடுகிறது, பசி குன்றுகிறது, கணக்குப் பிசகுகிறது, எதிலும் பிடிப்பற்றுப் போகிறது.

இந்நிலையில் உள்ளவரிடம் "மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்று அதட்டுவது, ஆஸ்துமாக்காரரிடம் "நன்றாக மூச்சு விடு" என்று அதட்டுவதற்கு ஒப்பாகும்.

3. பஞ்சம் தந்த பாடம்

பரம்பரையும் துன்பமும் தனித்தனியே நிற்பவை அல்ல என்பதற்கு ஹாலந்து தேசத்தின் சரித்திரம் சான்று. 1944-ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் 1945 மே வரை, ஜெர்மானியர் பிடியிலிருந்த அந்நாட்டின் மேற்குப் பகுதி பட்டினியில் வாடிற்று. ஒருவரின் ஒரு நாள் ரேஷன் 1,000 கலோரிக்கும் கீழே இறங்கிற்று. பஞ்சத்தின் உச்சத்தில் கருவில் உருவான பிள்ளைகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, அவர்களிடையே மனச்சிதைவு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. சீனாவில் 1959 முதல் 1961 வரை நேர்ந்த பெரும் பஞ்சத்தைப் பற்றி 2005-இல் வெளியான ஆராய்ச்சியும் இதே இரு மடங்கைக் காட்டிற்று.

ஹாலந்தில் அவ்விதம் உருவானவர்களையும் அவர்களுடைய உடன்பிறந்தாரையும் ஒப்பிட்ட ஆராய்ச்சி ஒன்று 2008-இல் வெளியாயிற்று. வளர்ச்சிக்குரிய ஒரு மரபணுவின் மேலுள்ள இரசாயனக் குறி, அறுபது ஆண்டுகள் சென்ற பின்னும் வேறுபட்டிருந்தது. பேரேட்டில் எழுதிய கணக்கு மாறவில்லை. அதன் ஓரத்தில் இட்ட குறி மாறியிருந்தது. அந்தக் குறிதான் நோயைத் தந்தது என்று இன்னும் நிலைநாட்டப்படவில்லை. எனினும் வெளியுலகத் துன்பம் மரபணுவின் அருகே வரை சென்று தடம் பதிக்கிறது என்பது தெளிவு. கர்ப்பிணிப் பெண்களின் வயிறும் மனமும் வாடாமல் காப்பது குடும்பத்தார் கடமை என்பதும் இதனால் விளங்கும்.

4. நாம் செய்ய வேண்டியவை

துஆ கேட்பதையும் ஓதுவதையும் எவரும் தடுக்கவில்லை. அதை வைத்தியத்திற்குப் பதிலாகக் கொண்டு மாதக்கணக்கில் காலங்கடத்துவதே தீங்கு. 934-இல் காலமான அபூ ஸைத் அல்-பல்கீ என்னும் அறிஞர், தேகத்திற்கு இருப்பது போலவே மனத்திற்கும் நோய்கள் உண்டு என்றும், காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணம் தெரியாமல் தேகத்திலிருந்து எழும் துக்கம் வேறு என்றும் அப்போதே பிரித்து எழுதினார். மனநோயை வைத்தியத்திற்குரியதாகக் கருதுவது நமக்குப் புதிய வழக்கமன்று.

இரண்டு வாரத்திற்கு மேல் ஒருவர் தூக்கமும் ஊக்கமும் இழந்திருந்தால், அருகிலுள்ள கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். மருந்து தந்தால், சற்றுக் குணம் கண்டவுடன் நிறுத்திவிட வேண்டாம். வைத்தியரைக் கேட்டே குறைக்க வேண்டும். "வாழப் பிடிக்கவில்லை" என்று எவரேனும் சொன்னால், தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேளுங்கள், தனியே விடாதீர்கள். கேட்பதால் அவ்வெண்ணம் பிறந்துவிடாது. போலீஸுக்கு அஞ்சி மறைக்கவும் அவசியமில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட சட்டம் சிங்கப்பூரில் 2020-லும் மலேசியாவில் 2023-லும் நீங்கிவிட்டது. மலேசியாவில் 15555, சிங்கப்பூரில் 1771 என்ற தொலைபேசி எண்களில் ஆலோசனை பெறலாம்.

பரம்பரையை நாம் மாற்ற இயலாது. ஆனால் கடன்பட்டவனுக்குத் தவணை தரலாம். பிள்ளைகளை அடிக்காமல் வளர்க்கலாம். நோயுற்றவர் வீட்டுக்கும் சம்பந்தம் பேசப் போகலாம். சுமையைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. இதுவே இப்பாடத்தின் சாரம்.