முருகைக்கல் சொல்லும் பூமியதிர்ச்சிக் கணக்கு

குறிகாட்டுவானில் படகேறி நெடுந்தீவில் இறங்கினால், சாந்து பூசாமல் முருகைக்கல் அடுக்கிய மதில்களைக் காணலாம். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுமாத்திராவின் முருகைக்கற்கள் நினைவுக்கு வரும். அவை பல நூற்றாண்டுப் பூமியதிர்ச்சிகளுக்குச் சாட்சி.

சுமாத்திராவுக்கு மேற்கே கடலடியில் ஒரு புவித்தகடு இன்னொன்றின் கீழே மெதுவாக அமிழ்கிறது. இவ்விடத்தை அமிழ்தல் வலயம் என்பர். தகடுகள் இலகுவில் வழுக்காமல் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். அப்போது மேல்தகட்டின் விளிம்பு இழுபட்டு, அங்குள்ள தீவுகள் சிறிது சிறிதாகத் தாழும். பூட்டு விடுபட்டதும் விளிம்பு துள்ளி எழும். அதுவே பேரதிர்ச்சி.

முருகை உயிரி வற்றுநீர் மட்டத்துக்கு மேலே வாழாது. தீவு தாழ்ந்தால் அது மேல்நோக்கி வளரும். தீவு உயர்ந்தால் வெளியே தெரியும் பகுதி இறந்துவிடும். மரத்தைப் போல அதற்கும் ஆண்டு வளையங்கள் உண்டு. கெரி சீ என்ற ஆய்வாளரும் குழுவினரும் மெந்தாவாய்த் தீவுகளில் இவற்றை ஆராய்ந்து 2008இல் முடிவை வெளியிட்டனர். கடந்த 700 ஆண்டுகளில் ஏறத்தாழ 200 ஆண்டுக்கு ஒருமுறை அங்கே பேரதிர்ச்சிகள் தொடராக வந்துள்ளன. 1797, 1833 அதிர்ச்சிகள் அப்படியான ஒரு தொடர். 2007 செப்டெம்பர் 12இல் வந்த 8.4 பருமனுடைய அதிர்ச்சி அடுத்த தொடரின் தொடக்கம் என்பது அவர்கள் கருத்து.

2004 டிசெம்பர் 26இல் அதே வலயத்தின் வடபகுதி ஏறத்தாழ 1300 கிலோமீற்றர் நீளத்துக்கு உடைந்தது. அந்தச் சுனாமியில் இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மூன்று மாதத்தில், 2005 மார்ச் 28இல், அயற்பகுதியும் உடைந்தது. ஓரிடத்தில் தளரும் இறுக்கம் பக்கத்து இடத்தில் ஏறுவதுண்டு.

"சுனாமி வந்து போய்விட்டது, இனி வராது" என்று பலர் சொல்லக் கேட்கிறேன். முருகைக்கல் அப்படிச் சொல்லவில்லை. அதற்காக 200 ஆண்டு என்பது மணிக்கூடும் அல்ல. அந்த நேரத்தை அல்லாஹ்வே அறிவான். எச்சரிக்கையாக இருப்பது நமது கடமை.

சுமாத்திராவை அடுத்த சிமெலுவே தீவில், 1907இல் வந்த பேரலையை "ஸ்மோங்" என்ற பெயரில் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். 2004இல் நிலம் அதிர்ந்ததும் மக்கள் குன்றுகளுக்கு ஓடினர். மிகச் சிலரே இறந்தனர். எங்கள் தீவுகளில் ஓடி ஏறக் குன்று இல்லை. ஆகவே எங்களுக்கு அந்த அறிவு இன்னும் முந்தியே வேண்டும். 2004ஐக் காணாத தங்கைமாருக்கு நாம்தான் சொல்லவேண்டும்: கடல் வழமைக்கு மாறாக வற்றினால் வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள், கரையை விட்டு உடனே உள்ளே போங்கள்.