பனிமானும் மாறிவரும் வடதுருவமும்

பூகோளப் பாடத்திலே தூந்திரப் பிரதேசத்தைப் பற்றிக் கற்குங்கால், அங்கு வாழும் பனிமானைப் பற்றியும் உடன் கற்கின்றோம். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இதனை றெயின்டியர் என்பர். வட அமெரிக்காவிலே கரிபூ என்பர். பெயர் இரண்டாயினும் இனம் ஒன்றே. வடதுருவப் பிரதேசம் 1979ஆம் ஆண்டு முதல் உலகச் சராசரியிலும் ஏறக்குறைய 4 மடங்கு விரைவாக வெப்பமடைந்துள்ளது என 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. குளிர் குறைதல் மானுக்கு நன்மையன்றோ என மாணவர் வினவக்கூடும். அதன் உடலமைப்பையும் உணவையும் நோக்கின் விடை புலப்படும்.

பனிமான் குளிருக்கென்றே அமைந்த பிராணியாகும். அதன் உரோமங்கள் உள்ளே காற்றை அடக்கி உடற்சூட்டைக் காக்கின்றன. அகன்ற குளம்புகள் பனியிற் புதையாது நடக்கவும், பனியைத் தோண்டவும் உதவுகின்றன. மாரியிலே அது தோண்டித் தேடும் உணவு, நிலத்திற் படர்ந்து வளரும் இலைக்கன் ஆகும். மென்பனி எத்துணை குளிராயினும் மான் அதனைத் தோண்டிவிடும். ஆனால் மாரியின் நடுவே வெப்பம் உயர்ந்து மழை பெய்யின், அந்நீர் பனியினுள் இறங்கி, மீண்டும் உறைந்து, கட்டிப் பாளமாகி நிலத்தை மூடிவிடுகின்றது. உணவு காலடியில் இருந்தும் எட்டாமையால் மான்கள் பட்டினியால் மடிகின்றன. ரசியாவின் யமால் குடாநாட்டில் 2013ஆம் ஆண்டு நவம்பரிற் பெய்த இத்தகைய மழையின் விளைவாக, நெனெத்சு மக்களின் வளர்ப்பு மான்கள் ஏறத்தாழ 61,000 இறந்தன. காட்டு மான்களுக்கும் இதே இடர் நேர்கின்றது.

கோடையிலும் துன்பம் உண்டு. வெப்பம் மிக, நுளம்பும் ஈயும் பெருகுகின்றன. அவற்றுக்கு அஞ்சி ஓடும் மான் மேய்ச்சலை இழக்கின்றது. போதிய கொழுப்பின்றி மாரியை எதிர்கொள்கின்றது.

கனடாவின் பாதர்ஸ்ட் மந்தையில் 1986ஆம் ஆண்டில் ஏறக்குறைய 4,70,000 மான்கள் இருந்தன. 2021ஆம் ஆண்டில் எஞ்சியவை ஏறத்தாழ 6,200. லாப்ரடோர் பக்கத்து ஜோர்ஜ் நதி மந்தை 1990களின் தொடக்கத்தில் 8 இலட்சம் வரை இருந்து, 2018ஆம் ஆண்டில் 5,500 ஆயிற்று. அங்கு 2013ஆம் ஆண்டில் வேட்டை தடைசெய்யப்பட்டது. இம்மானையே உணவாகவும் உடையாகவும் கொண்டு வாழ்ந்த இனுயிற்று, இன்னு மக்களுக்கு இஃது உணவிழப்பு மாத்திரமன்று. தந்தை மைந்தனுக்குக் கற்பிக்கும் வித்தையின் இழப்புமாகும்.

எனினும் வெப்பம் ஒன்றையே காரணமாகக் கூறல் பொருந்தாது. மந்தைகள் இயற்கையாகவே பெருகியும் சுருங்கியும் வருவன. சுரங்கங்களும் வீதிகளும் அவற்றின் வழியை மறிக்கின்றன. நோர்வேயின் சுவால்பார்ட் தீவுகளிலோ, 1925ஆம் ஆண்டில் வேட்டை தடுக்கப்பட்ட பின் மான்கள் பெருகின. நீண்ட கோடை தரும் புல்லும் இன்று சில பள்ளத்தாக்குகளில் அவற்றுக்குத் துணையாகின்றது. இடந்தோறும் விளைவு வேறுபடுதலை நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

மாணவர் தேசப்படத்தை விரித்து யமாலையும் லாப்ரடோரையும் சுவால்பார்டையும் குறித்து, ஒவ்வோரிடத்தும் மழை எப்பருவத்திற் பெய்கின்றது என ஆராய்வாராக. பருவந் தவறிய ஒரு மழை ஓர் உயிரினத்தின் உணவையும், அதனை நம்பிய மக்களின் வாழ்வையும் எங்ஙனம் மாற்றுகின்றதென்பது அப்போது தெளிவாகும்.