சிக்கனம் எங்கே தொடங்க வேண்டும்?

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. செலவில் நடுநிலை பேணுவதை ரஹ்மானின் அடியார்களுடைய பண்புகளில் ஒன்றாகத் திருமறை (25:67) கூறுகிறது. சிறு வியாபாரம் செய்யும் நாம் இந்த நடுநிலையை எங்கே கடைப்பிடிப்பது?

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றம் போன்ற நெசவு ஊர்களை எடுத்துக் கொள்வோம். பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும், சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. இவற்றைக் கொடுத்துச் சேலை நெய்து வாங்கும் சிறு வியாபாரி, முதலை முன்னதாகவே போட்டுவிடுகிறார். கடைக்காரரிடமிருந்து பணம் வருவதோ பின்னால்தான். முகூர்த்த மாதங்களில் கல்லா நிறையும்போது எல்லாமே லாபம் போலத் தோன்றும். ஆபத்து இங்கேதான்!

ஒரு சேலை 15,000 ரூபாய்க்கு விற்றதென்று வைத்துக் கொள்வோம். நூலுக்கும் சரிகைக்கும் 9,000, கூலிக்கு 4,000 போக மீதி 2,000. வாடகையும் வண்டிச் செலவும் அதிலிருந்தே போக வேண்டும். மற்ற 13,000 அடுத்த சேலைக்குரிய முதல். அதைத் தொட்டுக் கல்யாண விருந்தை ஆடம்பரமாக நடத்தினால், மறுமாதம் நூல் வாங்க வட்டிக்காரர் வாசலில் நிற்க நேரிடும். வீண்செலவு ஹராமின் வாசலுக்கே நம்மைக் கொண்டு செல்கிறது.

ஹஜ்ரத் அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்கள் துணி வியாபாரி. ஹிஜ்ரி 11-இல் கலீபாவான பின்பும் துணிகளைச் சுமந்து சந்தைக்குப் புறப்பட்டார்கள். ஆட்சிப் பொறுப்போடு வியாபாரம் ஒத்துவராதென்று தோழர்கள் கருதி, குடும்பச் செலவுக்கு பைத்துல்மாலிலிருந்து ஓர் அளவை நிர்ணயித்தார்கள். கஜானா பொறுப்பில் இருந்தும் எளிய வாழ்வே வாழ்ந்தார்கள். நமக்கும் இதுவே வழி. வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று இல்லத்தரசியுடன் கலந்து முடிவு செய்து, அதை மட்டும் கல்லாவிலிருந்து எடுக்க வேண்டும்.

ஆனால் மூன்று இடங்களில் சிக்கனம் கூடாது.

ஒன்று, கூலி. உழைத்தவரின் வியர்வை உலருமுன் கொடுக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். நெசவாளருக்குத் தவணை சொல்வது சிக்கனமல்ல, அநீதி.

இரண்டு, சரக்கின் தரம். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் துணி வணிகர். குறையுள்ள துணியைக் குறை சொல்லாமல் கூட்டாளி விற்றுவிட்டார் என்றறிந்து, கிடைத்த பணத்தைத் தர்மம் செய்துவிட்டார்கள் என்பது வரலாறு. போலிச் சரிகையை அசலென்று விற்று மிச்சம் பிடிப்போர் இதைச் சிந்திக்க வேண்டும்.

மூன்று, ஜகாத். தறிக்கும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் ஜகாத் இல்லை. விற்பனைக்குள்ள சேலை, அதற்கான நூல், சரிகை, ரொக்கம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, கடனைக் கழித்து, நிஸாபை எட்டி ஓராண்டு கடந்திருந்தால் 40-இல் ஒரு பங்கு ஏழைகளின் உரிமை. வரவேண்டிய பாக்கியைப் பற்றி ஆலிம்களிடம் கேட்டுக் கொள்க.

ஆகவே, சிக்கனம் நம் தட்டிலும் உடையிலும் விருந்திலும் தொடங்கட்டும். பிறர் உரிமையில் அல்ல. வல்ல அல்லாஹ் நம் தொழிலில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.