வீட்டிலேயே பேய் வீடு: சில குறிப்புகள்

சென்னை தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போனால் பிள்ளைகள் முதலில் நம் கையைப் பிடித்து இழுப்பது பேய் வீட்டுப் பக்கம்தான். லீவு நாளில் அதை நம் மொட்டை மாடி அறையிலேயே போட்டுவிடலாம், தோழிகளே. பொம்மைக்குக் காசைக் கொட்ட வேண்டாம். பொம்மை எந்த நொடியில் அசைகிறது என்பதில்தான் பயம் இருக்கிறது. அந்த நொடியைப் பார்த்துக்கொள்ள ஆர்டுயினோ என்ற குட்டி கம்ப்யூட்டர் போர்டு ஒன்று போதும்.

1. டோல்கேட்டில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்குங்கள். போர்டு, சென்சார், ரிலே எல்லாம் ரிச்சி தெருவில் கிடைக்கும். பழைய கார் வைப்பர் மோட்டாருக்குப் பக்கத்திலேயே புதுப்பேட்டை. ஒரே நடையில் வேலை முடிந்துவிடும்.

2. வைப்பர் மோட்டார் 12 வோல்ட்டில் மெதுவாகவும் பலமாகவும் சுற்றும். அட்டைச் சவப்பெட்டியின் மூடியைத் தூக்க அது தாராளம். ஆனால் ஆர்டுயினோவின் ஒரு பின்னுக்கு 20 மில்லி ஆம்பியருக்கு மேல் சுமை கூடாது. மோட்டாரை ரிலே மாட்யூல் வழியாகவே இணையுங்கள்.

3. மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தூக்கிப் போடாதீர்கள். பச்சை ஒயரைக் கறுப்போடு சேர்த்தால் ஓடும். மஞ்சளில் 12 வோல்ட், சிவப்பில் 5 வோல்ட். பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

4. ஆள் வருவதைக் கண்டுபிடிக்கும் பி.ஐ.ஆர். சென்சார், கரண்ட் கொடுத்து ஒரு நிமிடம் கழித்துத்தான் நிதானத்துக்கு வரும். அறை முழுக்கப் பார்த்துக் கண்டபடி கூவினால், மேலே ஒரு துண்டு பி.வி.சி. பைப்பைச் செருகுங்கள், நேர் எதிரே வருகிறவரை மட்டும் பார்க்கும்.

5. மிதி சுவிட்சுக்குச் சமையலறை அலுமினியத் தாளே போதும். இரண்டு அட்டைகளில் ஒட்டி, நடுவில் ஓட்டை போட்ட ஸ்பாஞ்சை வைத்துப் பாய்க்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

6. மிதித்த உடனே அலறல் வேண்டாம். விளக்கு அணையட்டும், இரண்டு நொடி சத்தமே இருக்கக் கூடாது, பிறகு முதுகுக்குப் பின்னால் சிரிப்பு வரட்டும். அந்த இடைவெளியை ஆர்டுயினோ புரோகிராமில் 'ரேண்டம்' போட்டு ஒன்றிலிருந்து நான்கு நொடிக்குள் மாற்றிக்கொண்டே இருந்தால், இரண்டாம் முறை வரும் பிள்ளையும் துள்ளும். 'டிலே' போட்டால் அந்த நேரம் முழுக்க மற்ற பொம்மைகளும் நின்றுவிடும்; 'மில்லிஸ்' வைத்து எழுதுவதே நல்லது.

7. சிரிப்புச் சத்தத்தைத் தேடி அலைய வேண்டாம், பாட்டியைச் சிரிக்கச் சொல்லி செல்போனில் பதிந்துகொள்ளுங்கள். அதை ஒலிக்க வைக்கும் டி.எஃப். பிளேயர் மினியில் இரைச்சல் கேட்டால், போர்டிலிருந்து அதற்குப் போகும் ஒயரில் ஒரு 1கே ரெசிஸ்டர் போட்டுப் பாருங்கள்.

8. வீட்டில் யாராவது எண்ணூர், மணலி ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தால், மெஷின்களை இயக்கும் பி.எல்.சி. அவர்களுக்குக் கைவந்த விஷயம்; ஆர்டுயினோவுக்குப் பதில் அதையே வைக்கலாம். பழையது மலிவாகக் கிடைத்தால், புரோகிராம் ஏற்றும் கேபிளும் சாஃப்ட்வேரும் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

9. நம் கடற்கரை உப்புக் காற்று ஒயர் முனைகளைச் சீக்கிரம் பச்சை பிடிக்க வைத்துவிடும். சால்டர் வைத்த இடத்தில் நெயில் பாலிஷ் தடவுங்கள்; பேய் வீட்டைக் கலைத்ததும் பொருட்களை ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வையுங்கள்.

10. எல்லாவற்றையும் ஒரே தட்டில் நிறுத்தும் சுவிட்ச் ஒன்று பெரியவர் கையில் இருக்கட்டும். கதவுக்குத் தாழ்ப்பாளே வேண்டாம். மூடிய அறையில் புகைக்காக உலர் பனிக்கட்டி வைக்காதீர்கள், மூச்சு முட்டும். ரொம்பச் சின்னக் குழந்தை வந்தால் அமுக்க இன்னொரு பட்டன் வைத்துக்கொள்ளுங்கள்: விளக்கெல்லாம் எரியும், பேய் கையாட்டி டாட்டா காட்டும்.