இரைப்பை லிம்போமா: அறிக்கையில் உள்ள விழுக்காடு எதைக் குறிக்கிறது?

இரைப்பைத் திசு ஆய்வின் அறிக்கையைப் பெறும் குடும்பத்தினரின் கண்கள் பெரும்பாலும் ஒரு வரியிலேயே நின்றுவிடுகின்றன: ‘கே.ஐ-67: 80 விழுக்காடு’. இரைப்பையின் 80 விழுக்காட்டை நோய் அரித்துவிட்டது என்றெண்ணி, சிகிச்சையே வேண்டாமென வீடு திரும்ப முற்பட்டோரை நாங்கள் கண்டிருக்கிறோம். 8 விழுக்காடுதானே என்று அடுத்த எண்டோஸ்கோப்பிக்கு வராதிருந்தோரும் உண்டு. இரு தரப்பினரும் அந்த எண்ணைப் பிழையாகப் புரிந்துகொண்டவர்களே.

கே.ஐ-67 என்பது உயிரணுவின் உட்கருவில் காணப்படும் ஒரு புரதம். பெருகிக்கொண்டிருக்கும் உயிரணுவில் அது இருக்கும். ஓய்ந்திருக்கும் உயிரணுவில் இராது. ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள் 1983-இல் இதனை அறிவித்தனர். பெயரின் முற்பகுதி அந்நகரைக் குறிப்பது. 67 என்பது ஆய்வுத் தட்டில் இதனைக் காட்டும் எதிர்ப்பொருள் கிடைத்த குழியின் எண். அதையே நோயின் அளவாகக் கொள்வோரும் இருப்பதால் இதனைச் சொல்ல நேர்கிறது.

மெல்லிய சீவலாக வெட்டிய திசுவின்மீது அந்த எதிர்ப்பொருளை இட்டுச் சாயமேற்றும்போது, பெருகும் உயிரணுக்களின் உட்கருக்கள் பழுப்பாகத் தெரியும். நூறு லிம்போமா உயிரணுக்களில் எத்தனை பழுப்பாக உள்ளன என்பதே அறிக்கையில் வரும் விழுக்காடு. அது நோயின் வேகத்தைக் காட்டுகிறது; பரவலை அன்று. பரவலை அறிய ஸ்கேன் முதலிய பிற சோதனைகள் வேண்டும்.

இரைப்பை லிம்போமாக்களில் பெரும்பாலானவை இரு வகையின. ‘மால்ட்’ லிம்போமா மெதுவாக வளர்வது. அதில் இவ்விழுக்காடு பொதுவாகக் குறைவு. பரவிய பெரிய பி-அணு லிம்போமா விரைந்து வளர்வது. அதில் பெரும்பாலும் 40-க்கு மேல். ஆயினும் எண்ணை மட்டும் வைத்து வகையைத் தீர்மானிப்பதில்லை. மால்ட் லிம்போமாவினுள் இயல்பான நிணநீர் முடிச்சுகளின் எச்சங்கள் இருக்கக்கூடும். அவற்றின் மையத்திலுள்ள நல்ல உயிரணுக்களும் விரைந்து பெருகுபவை, ஆகவே அடர்பழுப்பாகத் தெரியும். அவற்றையும் சேர்த்து எண்ணிவிட்டால் மெதுவான நோய், விரைவான நோயாகத் தோற்றமளிக்கும். மாறாக, எடுத்த துணுக்கு சிறியதாயின் பெரிய உயிரணுக்கள் திரண்டுள்ள பகுதி அதில் அகப்படாமலே போகலாம். ஒரே எண்டோஸ்கோப்பியில் பல துணுக்குகள் எடுப்பது இதனால்தான். உயிரணுக்களின் உருவமும் அவை திரண்டுள்ள விதமுமே முதற்சான்று, விழுக்காடு துணைச்சான்று.

விழுக்காடு மிகுதியாயின் நம்பிக்கையிழக்க வேண்டியதில்லை. கீமோதெரபி மருந்துகள் பெரும்பாலும் பெருகும் உயிரணுக்களையே தாக்குகின்றன. ரிட்டுக்ஸிமாப் மருந்துடன் கூடிய கீமோதெரபியால் விரைவு வகை நோயும் பலருக்கு முற்றிலும் குணமாகிறது.

குறைவாயின் அலட்சியமும் கூடாது. மால்ட் லிம்போமா பலருக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியைச் சார்ந்தே வளர்கிறது. அக்கிருமியை ஒழித்தாலே கட்டி சுருங்கும் என்பதை 1993-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆனால் கட்டி மறைய மாதங்கள் ஆகலாம்; சிலருக்கு ஓராண்டுக்கும் மேலாகலாம்; சிலருக்கு மறையாமலும் போகலாம்; அரிதாக விரைவு வகையாகவும் மாறலாம். மாத்திரை முடிந்தபின் கிருமி ஒழிந்ததா என்ற சோதனையும், குறித்த காலத்தில் எண்டோஸ்கோப்பியும் அதனாலேயே கட்டாயமாகின்றன. வலி நின்றுவிட்டது என்பது இவற்றுக்கு ஈடாகாது.

வேறிடத்தில் திசு ஆய்வு செய்திருப்பின், அறிக்கைத் தாளுடன் மெழுகுக் கட்டியையும் கண்ணாடிச் சில்லுகளையும் கேட்டுப் பெற்று வாருங்கள். அவை இருந்தால், மீண்டும் திசு எடுக்காமலே இங்கு மறு ஆய்வு செய்யப் பெரும்பாலும் இயலும்.